அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய்யை ஏழு முறை திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பதிவு செய்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கின் எக்ஸ்ரே அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, டாக்டரின் கைப்பேசி முன்னால் நின்று அதைச் சொன்னேன். "அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்."

கிளினிக்குக்கு டேப்லெட் வந்த புதிது அது. நோயாளிகள் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உடம்புக்கு என்ன, எத்தனை நாளாக, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. பெரும்பாலும் தொட்டால் போதும், டிக் விழும். ஒன்றிரண்டு கேள்விகளுக்கு வாயாலேயே பதில் சொல்லலாம். சிவப்புப் பொத்தானைத் தொட்டால் இரண்டு நிமிடம் பதிவாகும். போதாவிட்டால் மறுபடியும் தொடலாம். ஆங்கிலமும் மலாயும் சீனமும் டேப்லெட்டிலேயே இருந்தன. தமிழ் இல்லை. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள். அவர்களிலும் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருகிறவர்கள். அதனால் கேள்விகளைத் தமிழில் எழுதவும் வேண்டும், ஒரு குரல் படித்துக் காட்டவும் வேண்டும்.

டாக்டரும் தமிழர்தான். ஆனால் எழுத்துத் தமிழ் என்றால் தந்தியடிப்பார். நான் கவுன்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். தமிழ்ப்பள்ளியில் பேச்சுப் போட்டிக் கோப்பை வாங்கியவள். அதை எல்லாரிடமும் சொல்லியும் இருக்கிறேன். வேலை என் தலையில் விழுந்தது.

"உங்க குரல் பாசார் வரைக்கும் கேக்கும். நல்ல குரல்தான்லா. கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க, போதும்" என்றார் டாக்டர்.

நாற்பது கேள்விகளை மொழிபெயர்த்தேன். பெருமைதான் எனக்கு. "குடிப்பழக்கம் உண்டா?" என்று நான் கேட்டதற்கு ஒரு ஆன்டி, "உண்டு, மூணு வேளையும் தே தாரிக், சீனி கம்மியா" என்று தான் குடிக்கிற டீயைப் பதிலாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போதே நான் கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு "மது" என்று மாற்றினேன். மற்றதெல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக, பதில் சொல்லத் தயங்குகிற வயதானவர்களுக்காக ஒரு வாக்கியம் வேண்டும் என்றார் டாக்டர். யாராவது பாதியில் நிறுத்திவிட்டால் டேப்லெட் அதைச் சொல்லுமாம். நான் சொன்ன முதல் ஆறு தடவையும் அவருக்குப் பிடிக்கவில்லை. "வெரட்டுற மாதிரி இருக்கு. நாள் பூரா உங்களுக்கு வேற வேலையே இல்லன்னு நெனச்சிக்கிட்டு சொல்லுங்க" என்றார். மணி ஒன்றரை. தெருமுனைக் கடையில் மீன் குழம்பு தீர்ந்துவிடும் என்ற கவலை எனக்கு. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொறுமைசாலியைப் போல நடித்தேன். ஏழாவது தடவை சரியாக வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யாரோ நல்ல மனுஷி பேசுவது போல இருந்தது.

உண்மையில் கவுன்டரில் அடையாள அட்டைக்குக் கையை நீட்டிக்கொண்டு நான் பேசுவது மூன்றே வாக்கியங்கள். "ஐசி குடுங்க. உக்காருங்க. கூப்பிடுவாங்க." நான்காவது வாக்கியத்தை என்னிடமிருந்து வாங்க வேண்டுமென்றால் மயக்கம் போட்டு விழ வேண்டும்.

வீட்டிலும் அப்படித்தான். கிள்ளானில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. அம்மா மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்ந்தவள். இப்போது அவளுக்கு இருந்ததெல்லாம் வாய் ஒன்றுதான். அந்த வாயைக் கேட்க நான் ஒருத்திதான். அம்மாவுக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாது. வெண்டைக்காய் வாங்கியதைச் சொல்ல வேண்டுமென்றால், பாசாருக்குக் கிளம்பும்போது செருப்பு வார் அறுந்ததிலிருந்து தொடங்குவாள். செருப்பு வாங்கிய கடை, அந்தக் கடைக்காரரின் மருமகள், மருமகளின் பிரசவம். வெண்டைக்காய் வருவதற்குள் நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருப்பேன்.

"விஷயத்துக்கு வாம்மா" என்பேன்.

"இரு, சொல்றேன்" என்பாள்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நாங்கள் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது பேசியிருப்போம். தினமும் காலை பதினொரு மணிக்குக் கிளினிக்குக்குப் போன் வேறு வரும். "பசியாறிட்டியா?" "ஆச்சும்மா, ஆள் நிக்குது, வைக்கிறேன்." அவ்வளவுதான் எங்கள் உரையாடல். அதை எதிர்பார்த்துத்தான் அவள் காலை முழுவதும் உட்கார்ந்திருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவுக்கு இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சனிக்கிழமையில் என்னோடு கோமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து டாக்டரைப் பார்ப்பாள். டேப்லெட் வந்த பிறகு ஒரு சனிக்கிழமை, கூட்டம் கதவுக்கு வெளியே வரைக்கும் நின்றது. நான் டேப்லெட்டை அவள் மடியில் வைத்தேன்.

"அது கேக்கும். பதில் சொல்லு. எனக்கு ஆள் நிக்குது."

அவள் அதைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஏய், நீதான்டி பேசுற!" என்று சத்தமாகச் சொன்னாள். காத்திருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவரோரமாக ஒரு நாற்காலியைக் காட்டி அங்கே போய் உட்காரச் சொன்னேன்.

மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பார்கள். அம்மா அரை மணி நேரமாகியும் முடிக்கவில்லை. டேப்லெட்டைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள். டேப்லெட்டுக்காக இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஒரு அங்கிள் கவுன்டரில் விரலால் தட்ட ஆரம்பித்தார். நான் எழுந்து போய் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். என்னை நானே எதற்குக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்?

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நீதான கேட்ட" என்றாள். அன்றைக்கு ரத்தக் கொதிப்பு கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

சில வாரம் கழித்து, நான் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது. அம்மா குளியலறை வாசலில் விழுந்துகிடக்கிறாள் என்றார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை.

வரவில்லை என்று சொல்வதும் தப்பு. ஒரு வார்த்தை மட்டும் வந்தது. மருத்துவமனையில் ஆறாவது நாள், "அம்மா, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன். அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள், கஷ்டப்பட்டாள், சொன்னாள்:

"சொல்றேன்."

அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதுதான். பசிக்கிறதா? சொல்றேன். எங்கே வலிக்கிறது? சொல்றேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் எனக்கு விளக்கினார். "அவங்களுக்கு எல்லாம் புரியுது அக்கா. சொல்லணும்னும் இருக்கு. வார்த்தைதான் கிடைக்கல. நாக்குல ஊறிப்போன ஏதாவது ஒண்ணு சில பேருக்கு அப்படியே தங்கிடும். உங்க அம்மாவுக்கு இது தங்கியிருக்கு."

நாக்கில் ஊறிப்போனது. ஊற வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றரை வருஷம் அந்த ஒரே வார்த்தையோடு வாழ்ந்தோம். கோபத்தில் ஒரு சொல்றேன், சிரிப்பில் ஒரு சொல்றேன், மழை வரும்போது காயப்போட்ட துணியைக் காட்டி அவசரமாக ஒரு சொல்றேன். எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். பழகவில்லை. காலை பதினொரு மணி ஆனால் என் காது தானாகப் போன் பக்கம் போகும். யாராவது நோயாளி செருப்பு அறுந்த கதையை எடுத்தால் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். அந்த வெண்டைக்காய்க் கதையை இன்னொரு தடவை கேட்டால் போதும், பிரசவம் வரைக்கும் முழுசாகக் கேட்பேன் என்று ரயில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நினைப்பேன். அவ்வளவு ஏக்கமாக இருந்தது. வீட்டில் ஆள் இருக்கிறது, குரலும் இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. செத்துப் போனவர்களுக்காக அழ ஒரு முறை இருக்கிறது. இதற்கு எப்படி அழுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அவள் பேச்சு எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடினேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப அவளுக்குத் தெரியாது. உறவினர் கல்யாண வீடியோ ஒன்றில் கேமராவைப் பார்த்து, "சாப்பிட்டுத்தான் போவணும்" என்கிறாள். அவ்வளவுதான் கிடைத்தது. அதை எத்தனை தடவை போட்டிருப்பேனோ தெரியாது. ஒரு நாள் அம்மாவே கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும். நான் தேடியது நான் தினமும் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், கிளினிக் கணினியில் இருந்தது.

அது தெரியவந்தது, டேப்லெட்டில் உள்ள புரோகிராமை மாற்ற ஒருவர் வந்தபோது. தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்திருக்கும் என்ஜினியர். முப்பத்தைந்து வயதிருக்கும். நான் லோரி என்றால் அவர் லாரி என்பார், நான் இனிப்பு நீர் என்றால் அவர் சுகர் என்பார். முதல் நாள் முழுவதும் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார். இரண்டாம் நாள் கவுன்டருக்கு வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த முப்பத்தி ரெண்டாவது கேள்வி யார் எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"'உங்கள் குடும்ப வரலாற்றைக் கூறுங்கள்'னு இருக்கு."

"ஆமா. ஃபேமிலி ஹிஸ்டரி. குடும்பம், வரலாறு. எங்க தப்பு? அகராதியப் பாருங்க."

"அது இல்ல மேடம். வீட்ல அப்பா அம்மாவுக்கு சுகர் இருந்துச்சா, ஹார்ட் இருந்துச்சான்னு கேக்குறதுதான் ஃபேமிலி ஹிஸ்டரி. நீங்க கேட்டதுக்கு ஜனங்க நிஜமாவே வரலாறு சொல்லிட்டாங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இரண்டு வருஷமாக எங்கள் நோயாளிகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தன் தகப்பனார் ரயில்வே வேலைக்கு வந்ததையும், இப்போது கோபுரம் மாதிரிக் கட்டடம் நிற்கிற இடத்தில் அவர்கள் குவார்ட்டர்ஸ் இருந்ததையும் சொல்லியிருக்கிறாராம். இன்னொருவர், "அத ஏன் கேக்குறீங்க" என்று ஆரம்பித்து அதற்கு மேல் பேசவே இல்லையாம். சோதித்துப் பார்ப்பதற்காக ஒன்றிரண்டைக் கேட்டதாகவும், யார் பேசியது என்று தனக்குத் தெரியாது என்றும் என்ஜினியர் சொன்னார். டாக்டர் எதையும் கேட்டதில்லை. அவர் திரையில் டிக்குகள் வரிசையாக வரும். குரல் பதிவு ஒரு ஓரத்தில் சின்னப் படமாக இருக்கும். ஒரு நோயாளிக்கு ஏழு நிமிடம் வைத்திருக்கிறவர் அதை எங்கே தொடப் போகிறார்?

"அதுலயும் ஒரு அம்மா அஞ்சு வாட்டி பட்டனத் தட்டி ஒன்பது நிமிஷம் பேசியிருக்காங்க. இவ்ளோ யாருமே பேசல" என்று தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

பெயர் இல்லை. பதிவு எண் மட்டும் இருந்தது. கவுன்டரில் அந்த எண்ணைப் போட்டவள் நான்தான். மருந்துப் பையிலும் ரத்தப் பரிசோதனைத் தாளிலும் எத்தனையோ தடவை என் கையால் எழுதிய எண்.

"இது எங்கம்மா" என்றேன். குரல் பாசார் வரைக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை.

கதையை அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம்தான் இடியைப் போட்டார். புதிய புரோகிராம் பேசுவதைக் கேட்டுத் தானே குறிப்பு எழுதிக்கொள்ளுமாம். பழைய குரல் பதிவுகள் அதற்குத் தேவையில்லை. சொந்தக் கதையெல்லாம் இருப்பதால் வைத்திருப்பதும் சரியில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி உத்தரவு. அன்று புதன்கிழமை.

"அந்த ஒண்ண மட்டும் எனக்குக் குடுங்க தம்பி."

"குடுத்தா என் வேலையும் போயிரும், விசாவும் போயிரும் அக்கா." மேடம் அக்காவாகிவிட்டது. ஆனால் பதில் மாறவில்லை. "டாக்டர்கிட்ட கேளுங்க."

டாக்டரிடம் போனேன். கேட்டேன் என்று எழுதினால் அவர் சிரிப்பார், சண்டைதான் போட்டேன். என் கேள்வி, என் குரல், என் அம்மா, இதில் யார் அனுமதி வேண்டும் என்று கத்தினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அம்மா அங்க வந்து உக்காந்தப்ப உங்க அம்மா இல்ல. என் பேஷன்ட். டாக்டர்கிட்ட சொல்றோம்னு நெனச்சி என்ன சொல்லியிருக்காங்களோ? உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னே சொல்லியிருக்கலாம் இல்ல? அவங்களே சரின்னு சொல்லட்டும். கூட்டிட்டு வாங்க."

அது சரியான பேச்சு என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அதைவிட ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஒன்பது நிமிடத்தில் எங்காவது, கை மரத்துப்போகிறது, வாய் கோணுகிறது என்று அவள் சொல்லியிருந்தால்? அதை யாருமே கேட்காமல் விட்டிருந்தால்?

வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு அக்கா தானே காடி ஓட்டி எங்களைக் கொண்டுவந்து விட்டார். அம்மா நல்ல சேலை கட்டியிருந்தாள். டாக்டர் அறையில் அவளை உட்காரவைத்து, டாக்டர் தன் தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கேட்டார். "அம்மா, நீங்க முன்ன பேசினது, டேப்லெட்ல இருக்கு. அத மகளுக்குக் குடுக்கலாமா?"

"சொல்றேன்" என்றாள் அம்மா.

"சரியா, வேணாமா? தலையாட்டுங்க போதும்."

அம்மா தலையாட்டினாள். அதில்தான் சிக்கலே. எங்கள் ஆட்களின் தலையாட்டலில் ஆமாம், இல்லை, பார்க்கலாம் மூன்றும் ஒன்றுதான். அம்மா ஆட்டியது பக்கவாட்டில். சரி என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவாள். வேண்டாம் என்பதற்கும் அப்படித்தான் ஆட்டுவாள். வித்தியாசம் வாயில் இருக்கும், அந்த வாய் இப்போது இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். சரி என்கிறாள் என்று சொல்லிவிட என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

என்ஜினியர்தான் பழைய டேப்லெட்டை எடுத்துவந்தார். அழிப்பதற்கு முன் அது இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அம்மா மடியில் அதை வைத்து முப்பத்திரண்டாவது கேள்வியைத் தொட்டார். என் குரல் வந்தது. "உங்கள் குடும்ப வரலாற்றைக் கூறுங்கள்." சற்றுப் பொறுத்து அதே குரல் சொன்னது. "அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்."

அம்மாவின் முகம் அந்தச் சனிக்கிழமை மாதிரியே மலர்ந்தது. இடது கையால் டேப்லெட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு என்னைக் காட்டினாள். மறுபடியும் டேப்லெட்டை, மறுபடியும் என்னை. உதட்டைக் கொஞ்சம் சுழித்து, கண்ணால் சிரித்து, "சொல்றேன், சொல்றேன்" என்றாள். அவள் யாரையாவது கேலி செய்யும்போது வருகிற முகம் அது. பிறகு தானாகவே இடது பெருவிரலை நீட்டினாள். டாக்டர் படிவத்தை நகர்த்தி மையைத் தந்தார். ரேகை கொஞ்சம் கோணலாக விழுந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். மதியம் சாப்பாடு முடிந்ததும், சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்து, அம்மாவை எதிரே உட்காரவைத்துக்கொண்டு பதிவைப் போட்டேன். முதலில் என் கேள்வி, அதற்குப் பின்னால் அம்மா.

"குடும்ப வரலாறா? அது கெடக்கு பெரிய கதை. இரு, சொல்றேன்."

அந்தக் குரல். கொஞ்சம் மூக்கில் வருகிற, வாக்கிய முடிவில் மேலே ஏறுகிற குரல். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

செருப்பு வாரிலிருந்துதான் தொடங்கினாள். அன்று காலை கோமுட்டரில் இடம் கிடைத்தது, இடம் கொடுத்தவர் கட்டியிருந்த கைக்கடிகாரம், அது மாதிரி அப்பாவிடம் இருந்தது, அப்பா அதை லோரியில் தொலைத்தது. எனக்குப் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். நான் பயந்தது எதுவும் அதில் இல்லை. கை மரத்துப்போகவில்லை, வாய் கோணவில்லை. முழங்கால் வலி மட்டும் ஒரு தடவை வந்துபோனது. நான்காவது தடவை பொத்தானைத் தொட்ட பிறகு மேருவுக்கு வந்தாள்.

"ராத்திரி ஷிப்ட் முடிஞ்சி நான் காலையில பஸ்ஸ விட்டு எறங்குவேன். எம்மவ ஸ்கூல் பஸ்ல ஏறுவா. ரோட்டுல பாத்துக்குவோம், அவ்ளோதான். மத்தியானம் வந்து அம்மா அம்மான்னு ஸ்கூல் கதையெல்லாம் சொல்ல வருவா. எனக்கு கண்ண தெறக்க முடியாது. அப்பறம் சொல்லுடின்னுருவேன். அப்பறம் அப்பறம்னு சொல்லி, அவ சொல்றதையே விட்டுட்டா. இப்ப அவளுக்கு நேரமில்ல. அது அவ தப்பு இல்ல. ஆள் நிக்குது பாவம். தோ கவுன்டர்ல நிக்கிறா பாரு, சாப்டாளோ என்னமோ."

அதோடு நிறுத்தினாள். டேப்லெட் என் குரலில் சொன்னது. "அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்."

அம்மா சிரித்தாள். "பாரேன்! அங்க நிக்கிறவளும் நீதான், இதுக்குள்ள இருக்கிறவளும் நீதான். ஆனா இவ நல்லவடி. பொறுமையா கேக்குறா."

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா மேசையில் இருந்த கைப்பேசியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு என்னைக் காட்டினாள். உதட்டைச் சுழித்தாள்.

பதிவு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்ப்பதிலுக்குப் பிறகும் வருகிற கேள்வியை என் குரல், அந்த நல்லவளின் குரல் கேட்டது. "வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?"

"இருக்குடி. உங்கிட்ட சொல்ல எவ்ளோ இருக்கு. இரு, சொல்றேன்."

அப்போது தூரத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் கிட்டே வந்தது. இன்னொரு குரல், பாசார் வரைக்கும் கேட்கிற குரல், "என்னம்மா, இன்னும் முடிக்கலயா? கதையா எழுதுற? குடு இப்படி" என்றது. பிறகு ஒன்றும் இல்லை.

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அம்மாவின் இடது கை வந்து என் முடியைக் கோதியது. வெகு நேரம் கழித்து நிமிர்ந்தேன். மேசையைச் சுற்றிப் போய், அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைப்பேசியை அணைத்தேன்.

"அம்மா, அவசரமில்ல. நிதானமா சொல்லு."

அம்மா என்னை நன்றாகப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள்.

"சொல்றேன்" என்றாள்.

நான் காத்திருந்தேன்.